ட்ரையல்ஸ் பைக்கின் (பாறை, சேறு மேல் காலை ஊன்றாமல் ஓட்டும் போட்டிக்கான பைக்) பிரேக் பெடல் லொடலொடவென்று ஆடுகிறது. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. முதலில் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பெடல் நுனியைப் பிடித்து இன்ஜின் பக்கமாகவும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அந்தத் திசையில் இருந்தால் தேய்ந்தது பெடல் சுழலும் துளையும் அதில் போகும் பிவட் போல்ட்டும்தான். இரண்டையும் ஒரு லேத் பட்டறையில் சரி செய்துவிடலாம்.

நான் கோத்தகிரிக்காரன். என்னிடம் இருப்பது இருபது வருடம் ஓடின, கைமாறி கைமாறி வந்த ட்ரையல்ஸ் வண்டி. தெரிந்தவர் எஸ்டேட்டில் அனுமதி வாங்கி, தேயிலைக்கு நடுவே போகும் மண் தடத்திலும் பாறையிலும் ஓட்டுவேன். இங்கே மழை விட்டாலும் சேறு விடாது. அந்தச் சேறு முழுக்க பெடலின் பிவட்டுக்குள் போய் உட்காரும். கிரீஸோடு கலந்த செம்மண், உப்புத்தாள் மாதிரி. அலுமினியப் பெடல் எத்தனை நாள் தாங்கும்?

நான் செய்த முதல் வேலை முட்டாள்தனம். ஆட்டம் இருக்கிறதே என்று போல்ட்டை இறுக்கினேன். ஆட்டம் போச்சு, சந்தோஷம். ஆனால் மிதித்த பெடல் முழுசாகத் திரும்பி வரவில்லை. பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டனுக்கு முன்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெடலை விட்டதும் எண்ணெய் அது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்பும். பிஸ்டன் ஒரு நூல் முன்னால் நின்றாலும் துளை மூடிக்கொள்ளும். சூடான எண்ணெய் விரிய இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும், பிடிக்கப் பிடிக்க இன்னும் சூடாகும். இறக்கத்தில் பாதி வழியில் பின் சக்கரம் இறுகிப் போய், நான் தேயிலைச் செடி மேல். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் ஃபிட்டர் அண்ணனிடம் போனேன். தேயிலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி ரோலரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பெடலைக் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தார். 12 மி.மீ. துளை ஒரு பக்கம் 12.5 ஆகி முட்டை மாதிரி இருந்தது. “தம்பி, இங்க அரை மில்லிதான். நுனிக்குப் போனா என்ன ஆகுதுன்னு கணக்குப் போடுங்க” என்றார். துளை நீளம் 20 மி.மீ., பெடல் நுனி 150 மி.மீ. தள்ளி. கிட்டத்தட்ட 4 மி.மீ. பக்கவாட்டு ஆட்டம். நின்றுகொண்டே, பெருவிரல் பாரத்தில் பிரேக்கை அளந்து பிடிக்கிற வண்டியில் இது ரொம்ப அதிகம். ஒரு காலை ஊன்றினாலே ஒரு பாயிண்ட் போகிற விளையாட்டு இது.

அவர் செய்தது இதுதான். பெடல் துளையை 16 மி.மீ.க்குப் பெரிதாக்கி, கன்மெட்டலில் (ஒரு வகை வெண்கலம்) துளைக்குள் உட்காரும் குழாய் மாதிரி ஒரு புஷ் கடைந்தார். புஷ்ஷின் வெளி அளவு துளையை விட 0.03 மி.மீ. அதிகம். புஷ்ஷை ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, பெடலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, உடனே வைஸில் வைத்து அழுத்தினால் இறங்கிவிடும். (ஜனவரிக் குளிரே போதும் என்று நினைக்காதீர்கள், ஃப்ரீசர் வேண்டும்.) சுத்தியலால் தட்டாதீர்கள். உள்ளே இறங்கினதும் புஷ்ஷின் உள் துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் போடுவது கடைசியில்தான்.

போல்ட் விஷயத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. பழைய போல்ட்டின் மரை பெடல் துளைக்குள் வரை வந்திருந்தது, அதாவது ஒவ்வொரு மிதிக்கும் அரம் போட்ட மாதிரி. ஈ.என். 8 எஃகுக் கம்பியில் படி வைத்த புதுப் பின் ஒன்று கடைந்தார். அதன் வழவழப்பான பகுதி பெடலின் அகலத்தை விட 0.2 மி.மீ. நீளம். எவ்வளவு இறுக்கினாலும் பின்தான் சேஸிஸோடு இறுகும், பெடல் சும்மா சுழலும். நான் போல்ட்டை இறுக்கி இறுக்கித் தேடியதை அந்த 0.2 செய்துவிட்டது. இரண்டு முனையிலும் சேறு புகாமல் ரப்பர் ஓ-ரிங், உள்ளே தண்ணீருக்குக் கரையாத கிரீஸ்.

மாட்டின பிறகு, பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் தள்ளுகம்பியை மறுபடி செட் செய்ய மறக்காதீர்கள். ஆட்டம் போனதும் பழைய அளவு பொருந்தாது. கம்பி பிஸ்டனைத் தொடுவதற்கு முன் நுனியில் வெறும் அசைவு கொஞ்சம் இருக்க வேண்டும். என் வண்டிக்கு 4, 5 மி.மீ. வைத்திருக்கிறேன். சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து, காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் சரி.

ஒரே ஒரு நிலையில் புதுப் பெடல் வாங்குங்கள்: துளையைச் சுற்றி முடி போல விரிசல் இருந்தால். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தடவி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். அதற்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.