ரிப்பேர் முடிந்து வந்த காரின் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கவில்லை. "ஓட ஓட சரியாகிவிடும்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

என்ன வேலை பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்ரோல் கார், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1200, 1500 காட்டிவிட்டு, சூடேறியதும் 700, 800-க்கு வந்துவிடுகிறது என்றால் அது இயல்புதான், விட்டுவிடுங்கள். டீசல் கார்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பெட்ரோல் காரில் காற்று அதிகமாகப் புகுந்தால் ஐடிலிங் ஏறும். டீசலில் வேகத்தை நிர்ணயிப்பது எரிபொருளின் அளவு. காற்று கசிந்து ஐடிலிங் இப்படி ஏறாது.

"ஓட ஓட சரியாகிவிடும்" என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நியாயமாகப் பார்த்தால், அது உண்மையாகிற இடமும் உண்டு. த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கரி படிந்திருக்கும்போது, அதற்குத் தகுந்தபடி கூடுதலாகக் காற்று விட இசியு, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பழகியிருக்கும். கழுவிச் சுத்தம் செய்ததும் அதே திறப்பில் காற்று அதிகமாகப் புகும், ஐடிலிங் ஏறும். சில கார்கள் கொஞ்சம் ஓடியதும் தாமாகவே புதுக் கணக்குக்கு வந்துவிடும். சிலவற்றுக்கு ஸ்கேனர் போட்டு ஐடில் ரீலேர்ன் செய்தே, அதாவது இசியுவுக்குப் புதுக் கணக்கைப் பழக்கியே, ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இப்படி ஆவதுண்டு. ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் முதல் கேள்வி: "ரீலேர்ன் செய்தீர்களா?" அவர் விழித்தால் மேலே படியுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். என்னுடையது கேபிள் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்துத் திறக்கும் வகை) உள்ள பழைய கார். இன்டேக் மேனிஃபோல்ட் (இன்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரைச்சல். கிளட்சை விட்டாலே ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கார் பாய்கிறது. கேட்டால் "புது கேஸ்கட், செட் ஆகணும் சார்." கேஸ்கட் என்ன புதுச் செருப்பா, போடப் போட கால் பழகுவதற்கு? மறுபடி கொண்டுபோனேன். ஐடிலிங்கில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஏர் கண்ட்ரோல் வால்வு போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாட்டினார்கள். ஆர்பிஎம் அசையவே இல்லை. அடுத்து த்ராட்டில் எதுவரை மூடும் என்பதை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். தொடவே கூடாது என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காரின் கோளாறு கோடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மாட்டிப் பார்த்தால் பி0507, அதாவது ஐடிலிங் இருக்க வேண்டியதைவிட அதிகம். இது ஆர்பிஎம் காட்டும் டாக்கோ மீட்டர் ஏற்கெனவே சொன்னதுதான். லைவ் டேட்டாவில்தான் விஷயம் இருந்தது: ஐடில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் ஸ்டெப் எண்ணிக்கை பூஜ்ஜியம். இசியு அந்த வால்வை முழுக்க மூடி வைத்திருக்கிறது, ஆனாலும் இன்ஜினுக்கு எங்கிருந்தோ காற்று வந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் கசிவு. வால்வு பாவம், அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

ஒரு முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினேன் (சட்டைக் கை, பெல்ட், ஃபேன் ஜாக்கிரதை). மேனிஃபோல்டிலிருந்து போகும் பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும்) ஹோஸ் இரண்டிலும் சத்தமில்லை. மேனிஃபோல்டின் பின்பக்கம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் காரின் உட்பகுதிக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ஓரமாகப் போனபோது "உஸ்ஸ்" என்று காதைப் பிடித்தது. கை மட்டும் நுழையும் இடம். தடவிப் பார்த்தால், பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு வேக்கம் நிப்பிள் (ஹோஸ் மாட்டுவதற்கான குட்டிக் குழாய் முனை), வாயைத் திறந்தபடி இருந்தது. அதன் ரப்பர் மூடியை யாரோ கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருக்கிறார்கள். விரலால் அடைத்தேன். இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி, அணைந்துவிடுவதுபோல் தாழ்ந்து, 800-ல் வந்து நின்றது. விரலை எடுத்தால் மறுபடி 1500. ரப்பர் மூடி ஒன்று வாங்கி மாட்டினேன், அதோடு முடிந்தது.

நான் மெக்கானிக் இல்லை. "எல்லாக் காரிலும் இப்படியா இருக்கும்" என்று கேட்பவர்களுக்கு: இருக்காது. நான் சொல்வது, ரிப்பேருக்கு முன் இல்லாத கோளாறு என்றால் அவர்கள் கை பட்ட இடத்திலிருந்து தேடுங்கள் என்பதுதான். மேனிஃபோல்டைக் கழற்றினார்களா, அங்கே உள்ள ஒவ்வொரு ஹோஸையும் பாருங்கள். கூலன்ட் வேலையா, டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். அது கழன்றிருந்தால் பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் விடாமல் ஓடி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கேபிள் த்ராட்டில் என்றால் கேபிளில் துளி தளர்வு இருக்க வேண்டும். கார்ப் கிளீனரைப் பீய்ச்சிக் கசிவு தேடச் சிலர் சொல்வார்கள். சூடான இன்ஜின் மேல் அது தீப்பிடிக்கும் சமாசாரம், எனக்குத் தைரியமில்லை. காதுக்கு அகப்படாவிட்டால் புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக இருந்த என் ஐடில் வால்வு எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். எந்தக் குப்பை என்று கேட்டதற்கு, நேற்றே வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார்கள். வால்வை மாற்றியதே அன்று காலையில்தான்.