பழைய நகரப் பகுதில கட்டடத்தைக் காப்பாத்துனா போதாதா, ஜனங்களும் அங்கேயே குடியிருக்கணுமா?

கேட்டவர் ஒரு நல்ல பாயிண்ட் வெச்சிருக்கார். கட்டடம் நின்னா சரித்திரம் நிக்கும், ஜனங்க வேற இடத்துல வசதியான வீட்டுக்குப் போகட்டுமே, ரெண்டு பேருக்கும் லாபம்தானேன்னு. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுற வேலை சில வருஷம் பாத்தேன், அதுல மனசு மாறுச்சு. ஒரே தெருவுல ஒட்டினாப்ல ரெண்டு வீடு, வயசும் ஒண்ணு, கட்டுன விதமும் ஒண்ணு, ஒண்ணுல குடும்பம் இருந்துச்சு, இன்னொண்ணு நாலஞ்சு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு. ஆள் இருந்த வீட்ல மழைத்தண்ணி குழாய் அடைச்சா அன்னிக்கே யாராவது ஏணி போட்டு இலையை வாரிப் போட்டுடுவாங்க. பூட்டின வீட்ல அதே இலை மக்கி, அதுல செடி முளைச்சு, தண்ணி வழிஞ்சு சுவத்துக்குள்ள இறங்கி, உத்தரத்தோட முனை சுவத்துக்குள்ள போய் உக்காருற இடம் இருக்கு பாருங்க, அங்க மரம் பஞ்சாட்டம் ஆயிருந்துச்சு. பென்சிலை வெச்சுக் குத்திப் பாத்தேன், பாதி பென்சில் உள்ள போயிடுச்சு. வெளியில இருந்து பாத்தா முகப்பு அம்சமா இருந்துச்சு, அதான் கொடுமை.

சரி, ஹோட்டலோ கஃபேவோ வந்தா அவங்களும் ஆள்தானே, பராமரிக்க மாட்டாங்களான்னு கேப்பீங்க. பராமரிப்பாங்க, ஆனா அவங்க தேவைக்கு. ஈரம் தெரியுற சுவத்துக்கு சிமெண்ட் பூசிடுவாங்க, சுண்ணாம்புச் சுவர் உறிஞ்ச ஈரத்தை வெளிய விட்டாத்தான் அதுக்கு உசுரு, சிமெண்ட் அதை உள்ளயே அடைச்சு வெக்கும், கொஞ்ச நாள்ல உப்புப் பூத்து செங்கல்லே உதிர ஆரம்பிச்சிடும்.

இதை விட மோசம் மாடிப்படி. கீழ்த்தளத்துக் கடைக்கு நாலடி அகலம் கூடுதலா வேணும்னு தெருவுல இருந்து மாடிக்குப் போற தனி வாசலையும் படியையும் எடுத்துடுவாங்க, அதுக்கப்புறம் மேல இருக்கிற ரெண்டு மாடிக்கும் கடைக்குள்ள நுழைஞ்சுதான் போகணும், கடை மூடுனா வழி இல்ல, யார் குடிவருவா? அட்டைப்பெட்டி அடுக்குற குடோன் ஆயிடும். இதைப் பெரும்பாலும் யாரும் இடிப்புன்னு கணக்குல எடுக்க மாட்டாங்க. ஒரு படியைத்தான் எடுத்தாங்க, ஆனா ரெண்டு குடித்தனம் போச்சு.

பெரிய அளவுல பாக்கணும்னா வெனிஸ். 1951ல பழைய தீவு நகரத்துல மட்டும் சுமார் 1,75,000 பேர் இருந்தாங்க, 2022ல அது 50,000க்குக் கீழ இறங்கிடுச்சு. அங்க ஒரு மருந்துக்கடை ஜன்னல்ல 2008ல இருந்து குடியிருப்போர் எண்ணிக்கையை டிஜிட்டல் போர்டுல காட்டிட்டிருக்காங்க. கட்டடத்தைப் பொறுத்தவரை உலகத்துலயே அதிகமா காபந்து பண்ண ஊர்கள்ல அதுவும் ஒண்ணு, ஆனா சொந்த ஊர்க்காரங்க வருஷா வருஷம் குறையுறாங்க.

பாரிஸோட மரே பகுதி இன்னொரு மாதிரி. 1962ல மால்ரோ சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, பழைய பகுதிகளை மொத்தமா பாதுகாக்கப்பட்ட இடம்னு அறிவிக்க வழி பண்ணுச்சு, நல்ல நோக்கம்தான். மரேல முற்றம் முழுக்க அடைச்சுக்கிட்டிருந்த பட்டறை, கொட்டகை எல்லாத்தையும் பின்னாடி வந்த குப்பைன்னு சுத்தம் பண்ணி மாளிகைகளை பழைய அழகுக்குக் கொண்டுவந்தாங்க. அந்தக் குப்பைலதான் கைத்தொழில்காரங்க பிழைச்சிட்டிருந்தாங்க. கல்லு பளபளன்னு ஆச்சு, வாடகை ஏறுச்சு, அவங்க போயிட்டாங்க.

எனக்குப் பிடிச்ச உதாரணம் இத்தாலியோட போலோன்யா. 1973ல செர்வெல்லாத்திங்கிற கட்டடக்கலைஞர் முன்ன நின்னு ஒரு திட்டம் போட்டார். ஊருக்கு வெளிய புதுசா அரசுக் குடியிருப்பு கட்ட ஒதுக்குற காசை எடுத்து, நடு ஊர்ல இருக்கிற பழைய தொழிலாளர் வீடுகளை சரி பண்ணுவோம், வேலை நடக்கிறப்ப பக்கத்துலயே தற்காலிகமா தங்க வெச்சு அப்புறம் அதே ஆளுங்களை அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவோம்னு. வீட்டுச் சொந்தக்காரங்க கையகப்படுத்துறதை எதிர்த்தாங்க, அதனால ரிப்பேருக்கு நாங்க காசு தர்றோம், பதிலுக்கு வாடகையை ஏத்தாதீங்கன்னு ஒப்பந்தத்துக்கு மாறுனாங்க. நெனச்ச அளவுக்கு நடக்கல, ஒத்துக்கறேன். ஆனா ஜனங்களையும் சேத்துத்தான் காப்பாத்தணும்னு பட்ஜெட்லயே எழுதுனது அவங்கதான், வெறும் பேச்சு இல்ல.

வாடகையை அப்படியே உறைய வெச்சிட்டா தீர்ந்துச்சான்னா அதுவும் இல்ல. மலேசியாவோட பினாங்கு ஜார்ஜ் டவுன்ல 1948க்கு முன்னாடி கட்டுன கட்டடங்களுக்கு பல வருஷம் வாடகைக் கட்டுப்பாடு இருந்துச்சு. வர்ற வாடகைல ஓடு மாத்தக்கூட காசு தேறாதுன்னு சொந்தக்காரங்க கைவிட்டதால கட்டடம் நைஞ்சு போச்சு. 2000 ஆரம்பத்துல கட்டுப்பாட்டை எடுத்தாங்க, வாடகை எகிறி ஏகப்பட்ட குடும்பம் காலி பண்ணுச்சு. 2008ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல பேர் வந்தப்ப, எந்த ஜனங்களால அந்தத் தெருவுக்குப் பேர் வந்துச்சோ அவங்கள்ல நிறைய பேர் அங்க இல்ல.

அதனால நான் சொல்றது, முகப்புக்கு ரூல் போடுறதை விட புழக்கத்துக்கு ரூல் போடணும். வீடா இருக்கிற தளத்தை தங்கும் விடுதியா மாத்த அனுமதி கஷ்டமா இருக்கணும், மாடிப்படியையும் தனி வாசலையும் தூண் மாதிரி, ஓவியம் மாதிரி பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல சேக்கணும். பார்சிலோனா 2028 நவம்பருக்குள்ள சுமார் 10,000 டூரிஸ்ட் அபார்ட்மெண்ட் லைசன்ஸை புதுப்பிக்காம விட்டுடப்போறோம்னு 2024ல அறிவிச்சாங்க. நடக்குமான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, பழமை கெடக்கூடாதுன்னு சொல்லி குடியிருக்கிறவங்களுக்கு உள்ள ஒரு பாத்ரூம் போட அனுமதி தராம இழுத்தடிக்கிறாங்களே, அது சுத்த அநியாயம். வரலாற்று நகரங்களுக்குன்னு 1987ல வாஷிங்டன்ல ஏத்துக்கிட்ட சாசனமே, பாதுகாப்பு முதல்ல அங்க குடியிருக்கிறவங்க விஷயம், வீட்டு வசதியை மேம்படுத்துறது அதோட அடிப்படை நோக்கங்கள்ல ஒண்ணுன்னு சொல்லுது. ராத்திரி படி இறங்கி முற்றத்தைத் தாண்டி கக்கூஸ் போற வயசானவங்க கிட்ட போய் கலாச்சாரம் பேசிட்டிருக்க முடியாது.

அப்புறம் கேட்டவரோட கடைசி சந்தேகத்துக்கு வர்றேன், போகணும்னு ஆசைப்படுறவங்களை தடுக்கணுமான்னு. வேண்டவே வேண்டாம். மூட்டு வலியோட மூணு மாடி ஏற முடியாதவங்க லிஃப்ட் இருக்கிற வீட்டுக்குப் போகட்டும், சந்தோஷமா போகட்டும். அவங்க காலி பண்ண வீட்டுக்கு அடுத்து பெட்டி படுக்கையோட ஒரு குடும்பம் வருதா, இல்ல கதவுல நம்பர் பூட்டு மாட்டி மூணு நாளைக்கு ஒரு தடவை ஆள் மாறுறாங்களாங்கிறதுதான் எனக்குக் கவலை.