கஷ்டமான வேலையைக் கொடுத்தால் நிற்பார்களா?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மென்பொருள் அணியின் தலைவர். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சம்பளத்தை உயர்த்த வழியில்லை, சவாலான வேலை கொடுத்துப் பிடித்துவையுங்கள் என்கிறது நிர்வாகம். அணியிலேயே திறமையான பெண்ணிடம் மிகச் சிக்கலான ப்ராஜெக்டைக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் ராஜினாமா. எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புது வேலையைக் கொடுத்தபோது பழைய வேலைகளில் எதையாவது அவரிடமிருந்து எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை, அதனால் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பிழைதிருத்தம், வாராந்திர அறிக்கை, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அப்படியே இருக்க, அதற்கு மேல் இதுவும். நன்றாக வேலை செய்ததற்குப் பரிசு இன்னும் கொஞ்சம் வேலை என்றால் யார்தான் நிற்பார்கள்?

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1968இலேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். அதே மட்டத்தில் வேலைகளை அடுக்குவது வேறு, பொறுப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் கொடுப்பது வேறு. அர்த்தமில்லாத வேலையோடு இன்னொரு அர்த்தமில்லாத வேலையைச் சேர்ப்பது பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்டுவதுதான் என்று கிண்டலும் செய்தார். 1979இல் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களின் தரவுகளை வைத்துச் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: வேலையின் நெருக்கடி அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தால்தான் மனஅழுத்தம் ஏறுகிறது. அந்தப் பெண் விஷயத்தில் கெடுவை யார் வைத்தது? வடிவமைப்பை யார் முடிவு செய்தது? இரண்டும் மேலிருந்து வந்தவை என்றால், அவருக்குக் கிடைத்தது சவால் இல்லை, நெருக்கடி மட்டும்தான்.

அப்புறம் உங்கள் நிர்வாகம். ஹெர்ஸ்பெர்க்கைப் பாதி மட்டும் படித்தவர்கள் போலப் பேசுகிறார்கள் (பெரும்பாலான நிர்வாகங்கள் அப்படித்தான்). சம்பளம் சரியில்லை என்றால் அதிருப்தி வரும், சுவாரசியமான வேலை அந்த அதிருப்தியைப் போக்காது என்பதும் அவர் சொன்னதுதான். வெளியில் இதே வேலைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால், நீங்கள் கொடுக்கும் கடினமான ப்ராஜெக்ட் அவருடைய அடுத்த நேர்காணலுக்கு நல்ல பயிற்சி, அவ்வளவுதான். இதை மேலே எடுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

இன்னொன்று, எல்லோருக்கும் சவால் பிடிக்கும் என்பதும் சரியில்லை. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிறவருக்கு இந்த வருடம் தெரிந்த வேலை, தெரிந்த நேரம் போதும் என்று இருக்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை.

அந்த ப்ராஜெக்ட் இப்போது நடுவில் நிற்கும், அணியில் அடுத்த திறமைசாலியின் தலையில் கட்டத்தான் கை போகும். முதலில் அவரைக் கூப்பிட்டு, வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால், எத்தனை நாள் ஆகும் என்பதை அவரே சொல்லட்டும்.