ஒரு குத்துக்கு எத்தனை படம்?

ஐயா, வணக்கம்.

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனும் அவன் சித்தப்பா பிள்ளைகளும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். எல்லாம் சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடர்களைப் பற்றித்தான். 'எக்ஸ்-மென் 97' வரைந்த விதம் அருமை, கதைதான் தலைதெறிக்க ஓடுகிறது என்கிறான் ஒருவன். 'இன்வின்சிபிள்' நிதானமாகப் போகிறது, ஆனால் பேசும்போது ஆட்கள் அசையவே மாட்டேன் என்கிறார்கள் என்கிறான் இன்னொருவன். படத்தை நிறுத்தி, கோணல் முகங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி "இதுவா அனிமேஷன்?" என்று கேலி வேறு. நான் தொண்ணூறுகளின் 'பேட்மேன்' கார்ட்டூன் தொடரின் கட்சி. கையால் வரைந்த காலம் அது. யார் சொல்வது சரி? நம் ஆப்பிரிக்காவிலிருந்து இப்படி ஒரு தொடர் எப்போது வரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எப்போது வருமா? 2023-லேயே வந்துவிட்டது. 'சூப்பா டீம் 4', ஜாம்பியாவின் மலெங்கா முலெண்டெமா உருவாக்கிய தொடர். லுசாக்காவில் நடக்கும் கதை. தயாரிப்பில் நம் கேப்டவுனின் டிரிகர்ஃபிஷ் ஸ்டூடியோவுக்கும் பங்கு உண்டு. நெட்ஃபிளிக்ஸுக்காகச் செய்தது. வாசலுக்கு வந்ததைத் திரும்பிப் பார்க்காமல், எப்போது வரும் என்று கடிதம் எழுதினால் கோபம் வராதா?

பழசு, புதுசு வழக்குக்கு நீண்ட பதில் தேவையில்லை. நீங்கள் சொல்லும் 1992 'பேட்மேனி'ல் களிமண் உடம்பு வில்லன் கிளேஃபேஸ் வரும் இரண்டு பாகக் கதையை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் பாகத்தை வரைந்தது கொரியாவின் ஏகாம் ஸ்டூடியோ, இரண்டாம் பாகத்தை ஜப்பானின் டி.எம்.எஸ். ஸ்டூடியோ. கறுப்புத் தாளில் தீட்டிய பின்னணியும் உருவ வடிவமைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டாம் பாகத்தில் அவன் உடல் உருகி உருகி வடிவம் மாறும்போது தெரிகிற கனம் முதல் பாகத்தில் இல்லை. இரண்டும் கையால் வரைந்தவைதாம்.

அந்த ஸ்கிரீன்ஷாட் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். திரையில் நொடிக்கு 24 சட்டகம், அதாவது ஃபிரேம், ஓடுகிறது. 22 நிமிட எபிசோடுக்கு 31,680. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் நொடிக்கு 12 படம் போதும். எந்தப் படம் எத்தனை சட்டகம் நிற்க வேண்டும் என்பதை எக்ஸ்போஷர் ஷீட் என்ற நீளத் தாளில் எழுதுவார்கள். ஒரு வரிக்கு ஒரு சட்டகம். வசனத்தையும் உச்சரிப்பு உச்சரிப்பாகப் பிரித்து அதன் பக்கத்திலேயே எழுதுவார்கள். அமெரிக்கத் தொடர்களில் பெரும்பாலும் குரல் பதிவும், காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும், இந்தத் தாளும் அங்கேயே முடிந்த பிறகுதான் படம் வரையும் வேலை கொரியா போன்ற நாடுகளுக்குப் போகும். நீங்கள் எல்லாரும் அடித்துக்கொள்ளும் அந்தத் 'தரம்', பாதிக்கு மேல் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஒரு குத்தை எடுத்துக்கொள்வோம். கை பின்னால் போக 8 சட்டகம். முடிவை நெருங்க நெருங்கப் படங்கள் நெருக்கமாக விழ வேண்டும். அங்கிருந்து முகம் வரை இடையில் ஒரே ஒரு படம், அதுவும் ஒற்றைச் சட்டகத்துக்கு, வேண்டுமென்றே இழுத்துக் கோணலாக வரைந்தது. பட்ட இடத்தில் 2 அல்லது 3 சட்டகம் நிறுத்தம். பிறகு அடிபட்டவன் பறக்கிறான். உங்கள் மகன் கேலி செய்து அனுப்பியது அந்தக் கோணல் படமாகத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் குத்தே விழாது.

தாள் எழுதியவர் சோம்பேறி என்றால் "குத்துகிறான், 24 சட்டகம்" என்று மட்டும் எழுதி அனுப்புவார். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் இடைப்படங்களை வரைபவர் தூரத்தைச் சமமாகப் பங்கு போடுவார். கை ஒரே வேகத்தில் தண்ணீருக்குள் போவது போலப் போகும். ஒவ்வொரு படமும் அழகாக இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் குறையே தெரியாது, அடியில் மட்டும் வலி இருக்காது. அதைச் சரிசெய்ய இன்னும் படம் சேர்த்தால் இன்னும் மெத்தென்று ஆகும். படம் கூடினால் தரம் கூடும் என்ற மூடநம்பிக்கையை முதலில் விடச் சொல்லுங்கள்.

வேகத்துக்கும் இதே கணக்குதான். இரண்டு வசனத்துக்கு நடுவே 16 சட்டக மௌனம் இருந்தால் பார்ப்பவர் மூச்சு விடுவார். அதை 6 ஆக்கினால் கதை ஓடுகிறது என்பார். 'எக்ஸ்-மென் 97' மேட்லின் பிரையர் என்ற பாத்திரத்தின் கதையை ஒரே எபிசோடில் அடைத்தது எழுத்தாளர்கள் செய்த வேலை, அதைப் படம் வரைந்தவர் தலையில் கட்டாதீர்கள். 'இன்வின்சிபிள்' காசைச் சண்டைக்குச் சேர்த்து வைத்துப் பேச்சில் மிச்சம் பிடிக்கிறது. இரண்டாம் சீசனில் அதைத் தானே நக்கலடித்தும் காட்டியது. எனக்கு அதில் குறையில்லை.

இன்னொன்று. உங்கள் டிவியில் மோஷன் ஸ்மூத்திங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும். அது இல்லாத படங்களைத் தானே உண்டாக்கி நடுவில் செருகும், நான் மேலே சொன்ன 2 சட்டக நிறுத்தத்தைக் கரைத்துவிடும். அணைத்துவிடுங்கள். கைபேசி டேட்டாவில் பார்த்தால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். அந்தப் பாவமும் வரைந்தவருடையது அல்ல.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். யூடியூபில் ஒரு சண்டைக் காட்சியைக் கணினியில் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும். காற்புள்ளி விசை பின்னால் கொண்டுபோகும். நோட்டில் வரிக்கு ஒரு சட்டகம். படம் மாறினால் புது எண், மாறாவிட்டால் கோடு. ஒரே ஒரு குத்துக்கு எழுதி எனக்கு அனுப்பட்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம்.