தேனீ வளர்ப்பு இணையதளம்: எதை எழுதுவது, எப்போது எழுதுவது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துத் தொழில் செய்கிறேன். தேன் விற்கிறேன், கேட்பவர்களுக்குத் தேனீக் குடும்பத்தோடு பெட்டியும் கொடுக்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன் வெப்சைட் ஆரம்பித்து அறுபது கட்டுரை போட்டுவிட்டேன். கூகுளில் இருந்து ஆள் வருவதே இல்லை. வாரத்துக்கு எத்தனை கட்டுரை போட வேண்டும், எந்தக் கீவேர்டில் (தேடும் சொல்லில்) எழுத வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டுத் தர முடியுமா? இதுவரை எழுதிய தலைப்புகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் பட்டியலில் முக்கால்வாசி "தேனின் பத்து நன்மைகள்", "உடல் எடை குறையத் தேன்", "முகம் பளபளக்கத் தேன்" வகைதான். இந்தத் தலைப்புகளில் நாளிதழ்களும் மருத்துவக் குறிப்புத் தளங்களும் எழுதிக் குவித்துவிட்டன. வருடா வருடம் அதையே திருப்பி எழுதிக்கொண்டும் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் உங்கள் கட்டுரை யார் கண்ணிலும் படாது. இன்னொரு சிக்கலும் உண்டு. உடல்நலம், பணம் போன்ற விஷயங்களில், எழுதியவர் யார், அதைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி என்பதைக் கூகுள் கூடுதல் கறாராகப் பார்க்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தேன் நல்லதா என்ற கேள்விக்குத் தேனீ வளர்ப்பவரின் பதிலை அது முன்னால் கொண்டுவராது. அதில் நியாயமும் இருக்கிறது.

பட்டியலின் நடுவே "பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பதன் பலன்கள்" என்று ஒன்று கிடக்கிறது. மேற்கொண்டு படிப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம், பாட்டுலிசம் என்பார்கள். மலைத்தேன், சுத்தமான தேன் எதற்கும் விதிவிலக்கு இல்லை. அதே பக்கத்தில் "ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம்" என்று காரணத்தோடு நாலு வரி எழுதி வையுங்கள். தேன் விற்பவரே இதைச் சொன்னால் வாங்குகிறவருக்கு உங்கள்மேல் ஒரு பிடிப்பு வரும்.

சரி, எதை எழுதுவது? கீவேர்ட் டூல் எதையும் திறப்பதற்கு முன் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறங்கள். பெட்டி வாங்கிப் போனவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், போட்டோ எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள். ஒரு நோட்டில் கேள்விகளை மட்டும், கேட்டவர் வாயில் வந்த சொற்களிலேயே எழுதுங்கள். "அண்ணா, பெட்டில ராணி இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கது?" "மொத்தமா பறந்து போயிட்டு, திரும்ப வருமா?" "அடையில நூலாம்படை மாதிரி இருக்கு." இவைதான் உங்கள் தலைப்புகள். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் அது முதலில்.

ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். புழுக்கள் அறைக்குள்ளேயே செத்து, தலை மேல்நோக்கித் தூக்கியபடி, உள்ளே தண்ணீர் கோத்த பை மாதிரி கிடக்கும் நோய் உங்களுக்குத் தெரியும். தாய் சாக்புரூட் வைரஸ் (தாய் என்பது இங்கே தாய்லாந்து). 1991, 92 வாக்கில் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் "தாய் சாக்புரூட் நோய்: ஓர் அறிமுகம்" என்று தலைப்பு வைக்கத் தோன்றும். பெட்டியைத் திறந்து பதறிப் போயிருப்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் "தேனீ புழு சாகிறது என்ன செய்வது" என்றுதான் தேடுவார். தலைப்பு அதுவாகவே இருக்கட்டும், நோயின் பெயர் இரண்டாவது பத்தியில் வரட்டும். முதல் பத்தியில் அவர் பார்ப்பது இதுதானா என்று சரிபார்த்துக்கொள்ள உங்கள் பெட்டியில் எடுத்த தெளிவான படம்: செத்த புழுவை ஊசியால் தூக்கிக் காட்டும் படம் ஒன்று, நல்ல புழுவின் படம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். பிறகு, மருந்து தெளித்துத் தீராது, அந்தப் பெட்டியின் அடை கட்டிய மரச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றக் கூடாது, தாக்குப்பிடித்த குடும்பத்திலிருந்து பிரித்துப் பெருக்குவதுதான் வழி என்பதையெல்லாம் நீங்கள் செய்த விதத்தில் சொல்லுங்கள். இந்த ஒரு பக்கத்தை எந்த நாளிதழாலும் எழுத முடியாது. அவர்களிடம் தேன்பெட்டி கிடையாது.

கட்டுரையின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான தன் வழிகாட்டியில் கூகுள் 2022 டிசம்பரில் "அனுபவம்" என்பதையும் சேர்த்தது. எழுதியவர் அந்த வேலையைக் கையால் செய்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது, அறுபது கட்டுரையில் ஒன்றில்கூட வெளியே தெரியவில்லை. படங்கள்கூட இணையத்தில் எடுத்தவை. அதில் இருப்பது நீங்கள் வளர்க்கும் அடுக்குத் தேனீ அல்ல, இத்தாலியத் தேனீ. விஷயம் தெரிந்தவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார்.

அடுத்து, யாருக்கு எழுதுகிறோம் என்பது. உங்கள் தளத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள்: தேனீ வளர்க்கிறவர், தேன் வாங்குகிறவர். இருவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திப் பேசாதீர்கள். தளத்தில் இரண்டே வாசல் போதும்: "தேனீ வளர்ப்பு", "தேன் வாங்க". இப்போது மெனுவில் இருக்கும் ஒன்பது பிரிவுகளும், "பொதுவானவை" உட்பட, தேவையில்லை.

வாங்குகிறவருக்கு நிறையத் தேவையில்லை. ஐந்தாறு பக்கங்கள் உருப்படியாக இருந்தால் போதும். முதலாவது, "தேன் உறைந்துவிட்டதே, சர்க்கரை கலந்ததா?" என்பதற்கான பதில். குளுகோஸ் கூடுதலாக உள்ள தேன் இயல்பாகவே உறையும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும் என்பதை உங்கள் பாட்டிலின் படத்தோடு சொல்லுங்கள். இரண்டாவது, தண்ணீரில் விடுவது, தீக்குச்சியை நனைத்துப் பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள். இவை கலப்படத்தைக் கண்டுபிடிக்காது என்று தேன் விற்கிற நீங்களே சொல்லுங்கள். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஆய்வகச் சோதனைகளைத் தாண்டிப் போன பல பிராண்டுகள் என்எம்ஆர் என்ற நுட்பமான சோதனையில் சிக்கின. ஆய்வகத்துக்கே பிடிபடாத சர்க்கரைப் பாகு தீக்குச்சிக்கு எங்கே பிடிபடப் போகிறது? மூன்றாவது, ரப்பர் தேன் என்றால் என்ன. அது பூவிலிருந்து வருவதில்லை, துளிர் இலைக் காம்பின் நுனிச் சுரப்பியிலிருந்து வருகிறது என்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. கிட்டத்தில் எடுத்த ஒரே ஒரு படம் போதும், அந்தப் பக்கத்தை ஊரெல்லாம் பகிர்வார்கள். விலை, அனுப்பும் செலவு, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த உங்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மூன்றையும் ஒளிக்காமல் போடுங்கள்.

எப்போது போடுவது என்பதற்குத் தனியாக எக்ஸெல் அட்டவணை தேவையில்லை. உங்கள் பெட்டிக்கு ஏற்கெனவே ஓர் அட்டவணை இருக்கிறது. அக்டோபரில் இருந்து குடும்பம் பெருகும், பிரிக்கும் வேலை. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும். அதைத் தொடர்ந்து ஏப்ரல் வரை தேன் எடுப்பு. பிறகு மழை, பூ இல்லாத காலம், தேனீக்கு உணவாகச் சர்க்கரைப் பாகு, அடையை அரிக்கும் மெழுகு அந்துப்பூச்சி, எறும்பு. ஜூலையில் தேன் எடுக்கும் இயந்திரம் பற்றி யாரும் தேட மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டுரையும் அந்த வேலை தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தளத்தில் இருக்கட்டும். கூகுள் அதைக் கண்டு, சோதித்து, ஓரிடத்தில் உட்காரவைக்க அவ்வளவு காலம் பிடிக்கலாம். "குடும்பம் பிரிப்பது எப்படி" ஆகஸ்டில் வர வேண்டும். பாகு கொடுப்பது பற்றி மார்ச்சில்.

அடுத்த வருடம் அதே பருவம் வரும்போது புதிதாக எழுதாதீர்கள். பழைய பக்கத்தையே திறந்து, இந்த வருட அனுபவத்தைச் சேர்த்து, விலையைத் திருத்தி, தேதியை மாற்றுங்கள். பக்கத்தின் இணைய முகவரியில் வருடத்தைப் போட்டுவிட்டால் இது முடியாது. "தேன்பெட்டி விலை", "தேனீ வளர்ப்பு மானியம்" என்ற இரண்டு பக்கங்கள் உங்களிடம் இல்லவே இல்லை. எழுதுங்கள், ஆனால் இவற்றை அடிக்கடி திருத்த வேண்டும். தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தின் பெயரைச் சொல்லிப் பழைய தொகைகளைப் பல தளங்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கின்றன. நீங்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்து, எந்த மாதம் விசாரித்தீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

கீவேர்ட் பற்றிக் கேட்டீர்கள். தமிழ்ச் சொற்களுக்கு அந்த டூல்கள் பெரும்பாலும் பூஜ்யம்தான் காட்டும். பூஜ்யம் என்றால் யாரும் தேடவில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். கூகுளிலும் யூடியூபிலும் "தேனீ" என்று அடித்து நிறுத்திப் பாருங்கள். கீழே விழுகிற பரிந்துரைகள் மக்கள் தேடியவை. ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களும் ஏராளம். அப்படி அடித்தால் தேனி மாவட்டத்துப் பஸ் நேரமும் சேர்ந்து வந்து தொலைக்கும். அதனால் "பெட்டி", "வளர்ப்பு", "ராணி" மாதிரி இரண்டாவது சொல்லும் தலைப்பில் இருப்பது நல்லது.

பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லுக்குள் வையுங்கள். "தேனீ" என்ற ஒரு சொல்லைத் தமிழிலேயே முகவரியில் வைத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அது சதவீதக் குறிகளோடு முப்பத்தாறு எழுத்தாக நீளும். முழுத் தலைப்பும் போனால் வைரஸ் லிங்க் என்று நினைத்து ஒருவரும் தொட மாட்டார்கள்.

இனி பழைய அறுபது. எதையும் அழிப்பதற்கு முன் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள், பதினாறு மாதக் கணக்கு வரை அதில் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் எந்தத் தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை கிளிக், சராசரியாக எத்தனையாவது இடம் என்று பாருங்கள். எட்டில் இருந்து இருபதாவது இடத்துக்குள் நிற்கும் பக்கங்கள்தான் புதையல். அவற்றில் உங்கள் படத்தையும் விடுபட்ட பதிலையும் சேர்த்தால் முதல் வரிசைக்கு வர வாய்ப்பு அதிகம், புதிதாக எழுதுவதைவிட அது சுலபம். ஒரே விஷயத்தை மூன்று கட்டுரையில் சொல்லியிருந்தால் ஒன்றாக்கி, மற்ற இரண்டின் முகவரிக்கு வருபவரும் தானாக அங்கே போய்ச் சேரும்படி ரீடைரக்ட் செய்யுங்கள். ஒரு கிளிக்கும் வராத நன்மைக் கட்டுரைகளை நீக்கலாம். என் கணக்கில் அறுபது இருபதாகக் குறையும். குறையட்டும்.

கட்டுரைகளை ஏஐயில் எழுதி வாங்கி வேகமாக எண்ணிக்கையைக் கூட்டும் யோசனை வரும். 2024 மார்ச்சில் கூகுள் விதியைத் திருத்தியபோது, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைக் குப்பை என்றே வகைப்படுத்தியது. எழுதியது மனிதரா இயந்திரமா என்பது அங்கே பொருட்டில்லை. பொதுவான தகவலுக்கான பதிலை இப்போது தேடல் பக்கமே மேலே சுருக்கித் தந்துவிடுவதால், "தேனீக்களின் வகைகள்" போன்ற கட்டுரைக்குக் கிளிக் விழுவது இனிமேல் கஷ்டம். எழுத்துப் பிழை பார்க்க, வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்க அதைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை.

வாரத்துக்கு எத்தனை? இரண்டு வாரத்துக்கு ஒன்று. தேன் எடுக்கும் மூன்று மாதம் எழுதவே வேண்டாம், முன்பே எழுதி வைத்ததைப் போட்டால் போதும், அப்போது படம் மட்டும் எடுங்கள். திறந்த பெட்டி, சட்டத்தின் இரு பக்கம், ராணி அறை, கையில் எது கிடைத்தாலும். தேதியோடு போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் உட்கார்ந்து எழுத அதுதான் சரக்கு. ஒரு நிமிட வீடியோ எடுத்தால் யூடியூபிலும் போட்டு, கட்டுரைக்குள்ளும் வையுங்கள். தினமும் ரீல்ஸ் போடும் ஓட்டத்தில் இறங்க வேண்டாம். பெட்டியைப் பார்க்க ஆள் இருக்காது.

வருமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. இவ்வளவு குறுகிய துறையில், தமிழில் வரும் விளம்பரப் பணம் டொமைன் செலவைத் தாண்டினால் பெரிது. தேன் விற்கும் பக்கத்தில் இன்னொருவரின் தேன் விளம்பரம் வந்து நிற்கும் கூத்தும் நடக்கும். உங்களுக்குக் காசு தரப்போவது குடும்பத்தோடு விற்கும் பெட்டி, தேன், வேண்டுமானால் ஒரு நாள் பயிற்சி. ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் கீழும் வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று, அதில் அந்தக் கட்டுரையின் பெயர் தானாகவே விழும்படி அமைத்துவிடுங்கள். எந்தப் பக்கம் ஆளைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து சர்ச் கன்சோல் படத்தையும், அந்தப் பொத்தான் வழி வந்த கேள்விகளையும் அனுப்புங்கள். அடுத்த வருடத் தலைப்புகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.