எண்ணெயை விட்டேன், 6 கிலோ போச்சு!

கேள்வி: எனக்கு அல்சரேடிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் நோய்). மெசலமைன் மாத்திரையால் 8 மாதமாக ரத்தப்போக்கு இல்லை. கொழுப்பு குடல் புண்ணைக் கிளறும் என்று பயந்து எண்ணெய், நெய் எல்லாம் விட்டுவிட்டேன். 6 கிலோ குறைந்துவிட்டது. நண்பர் மீன் எண்ணெய் மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: மீன் எண்ணெய் இருக்கட்டும், அந்த 6 கிலோதான் எனக்குக் கவலை.

கொலனோஸ்கோப்பில் பார்த்தால் நல்ல பெருங்குடல் ஈரமாக மினுங்கும். ரத்தக் குழாய்கள் கொடி ஓடியதுபோலத் தெரியும். நோய் கிளம்பினால் கொடிகள் மறைந்துவிடும், கருவி லேசாக உரசினாலே ரத்தம் கசியும். குடலை மூடியிருக்கும் சளிப்படலத்தில் பாஸ்படிடைல்கோலின் என்ற கொழுப்பு இருக்கிறது. உங்கள் நோயில் குறைந்துபோவதே அதுதான். கொழுப்பை எதிரி என்று எப்படிச் சொல்வேன்?

புண் ஆறுவதிலும் கொழுப்புக்குப் பங்கு உண்டு. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பிலிருந்து உடம்பு ரெசால்வின்களைத் தயாரிக்கிறது. வெள்ளையணுக்கள் மேலும் மேலும் வந்து குவியாமல் தடுத்து, செத்த செல்களை அப்புறப்படுத்த வைப்பவை இவை. இன்னொரு கொழுப்பிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் கொஞ்சம் வில்லங்கமான ஆள். வலியும் வீக்கமும் தருவது அது. குடல் புண்ணை மூட உதவுவதும் அதுவே. இபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைப் போட்டால் அதன் உற்பத்தி தடைபடும், அடங்கிய நோய் மறுபடி கிளம்பலாம். மூட்டு வலிக்கு நீங்களாக அவற்றை வாங்கிப் போடாதீர்கள்.

அப்படியானால் மீன் எண்ணெய் மாத்திரை நல்லதுதானே என்பீர்கள். கிரோன் என்பது உங்கள் நோய்க்கு உறவான இன்னொரு குடல் அழற்சி நோய். அந்த நோயாளிகளுக்குத் தினம் 4 கிராம் ஒமேகா-3 கொடுத்துச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2008-ல் வெளிவந்தன. நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. உங்கள் நோயிலும் தடுக்கும் என்று நம்பச் சான்று இல்லை. மீன் சாப்பிடுபவராக இருந்தால் மீனாகவே சாப்பிடுங்கள், காசு மிச்சம்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் எண்ணெயை விட்டாலும் உங்கள் பெருங்குடல் கொழுப்பை விடவில்லை! நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் தயாரிக்கும் பியூட்டிரேட்தான் அதன் செல்களுக்கு முக்கிய எரிபொருள். அதுவும் ஒரு கொழுப்பமிலம்.

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகலாம். அவர்கள் கதை வேறு. நீங்கள் சமையல் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேருங்கள். மெசலமைனை நிறுத்த வேண்டாம். எடை குறைந்ததை உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே சொல்லி, மலத்தில் கால்புரோடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்ததால் இளைத்தீர்களா, உள்ளே அழற்சி புகைந்துகொண்டிருக்கிறதா என்பது பிடிபடும்.