யுரேனஸில் 42 ஆண்டு இரவா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யுரேனஸ் படுத்தபடி சுழல்வதால் அதன் ஒரு பாதியில் 42 ஆண்டு பகல், மறுபாதியில் 42 ஆண்டு இரவு என்று படித்தேன். ஒரு துருவம் எப்போதும் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்குமா? அங்கே சூடு அதிகமா? நிலவுகளாவது நேராகச் சுற்றுகின்றனவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

42 ஆண்டு என்பது துருவப் புள்ளிக்கு மட்டுமே சரி. யுரேனஸின் அச்சு 97.8 பாகை சாய்ந்திருக்கிறது. பூமியில் 66.5 பாகையில் இருக்கும் துருவ வட்டம் (அதற்கு அப்பால் சூரியன் மறையாத நாளும் உதிக்காத நாளும் வரும்) அங்கே ஏறக்குறைய 8 பாகையிலேயே வந்துவிடும். யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டு ஆகும். அதில் 30 பாகை அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால், சூரியன் மறையாமலே இருப்பது சுமார் 14 ஆண்டு, உதிக்காமலே இருப்பதும் அதே அளவு. மிச்சமுள்ள 56 ஆண்டும் 17 மணி 14 நிமிடத்துக்கு ஒருமுறை உதித்து மறைந்துகொண்டிருக்கும்.

முதல் கேள்விக்கு வீட்டிலேயே விடை காணலாம். ரப்பர் பந்து ஒன்றில் பின்னல் ஊசியை ஊடுருவச் செருகுங்கள். அறையின் நடுவில் விளக்கு. ஊசியைத் தரைக்கு இணையாகப் படுக்கவைத்து, நுனி விளக்கையும் அதற்கு அப்பாலுள்ள சுவரையும் காட்டும்படி பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடங்கள். பலரும் தவறுவது இங்கேதான். நடக்கும்போது கையும் சேர்ந்து திரும்பி, நுனி விளக்கையே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். அது கூடாது, நுனி அந்தச் சுவரை விட்டு விலகவே கூடாது. அப்போது கால் சுற்றில் ஒளி பந்தின் இடுப்பில் விழும், அரைச் சுற்றில் மறுமுனையில் விழும். 1986-இல் தென் துருவம் சூரியனை நோக்கியிருந்தது. 2007-இல் நடுக்கோடு. 2028 வாக்கில் வட துருவத்தின் முறை.

84 ஆண்டுச் சராசரியில் நடுக்கோட்டைவிடத் துருவங்களுக்கே வெயில் அதிகம். ஆனால் வாயேஜர் 2 விண்கலம் அளந்தபோது இரண்டு இடங்களிலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நமக்குக் கிடைப்பதில் சுமார் 370-இல் ஒரு பங்கு வெயில்தான் அங்கே விழுகிறது. அவ்வளவு குளிர்ந்த வளிமண்டலம் மிக மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும்.

உங்கள் கேள்விகளில் ஆழமானது நிலவுகளைப் பற்றியது. மிராண்டா, ஏரியல், அம்ப்ரியல், டைட்டானியா, ஓபரான் ஐந்தும் கோளின் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுகின்றன. வளையங்களும் அப்படியே. கோளோடு சேர்ந்து குடும்பமே சாய்ந்திருக்கிறது. நிலவுகள் முழுதாக உருவான பிறகு ஒரு மோதல் கோளைச் சட்டென்று கவிழ்த்திருந்தால், அவற்றின் பாதைகள் புதிய நடுக்கோட்டோடு பொருந்தியிருக்காது. ஆகவே ஒன்று, மோதல் முன்பே நடந்து, சிதறிய பொருள் புதிய நடுக்கோட்டில் தட்டாகப் படிந்து நிலவுகளாகத் திரண்டிருக்க வேண்டும். அல்லது, நிலவுகளும் கூடவே வரும்படி சாய்வு மிக மெதுவாக நேர்ந்திருக்க வேண்டும். மோதலுக்கே ஆதரவு அதிகம், வழக்கு இன்னும் முடியவில்லை.

காந்தப்புலத்தையும் இந்தச் சாய்வின் கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. யுரேனஸின் காந்த அச்சு சுழலச்சிலிருந்து 59 பாகை விலகியது, கோளின் மையத்தையும் தொடாதது. ஆனால் 28 பாகை மட்டுமே சாய்ந்த நெப்டியூனிலும் இந்த விலகல் 47 பாகை இருக்கிறதே!

நிலவுகளும் சாய்ந்திருப்பதால் நமக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 கடந்துபோனபோது அவற்றின் தென்பாதிகளில்தான் வெயில். வடபாதிகள் பெரும்பாலும் இருளில் கிடந்தன. வெறும் 470 கி.மீ. குறுக்களவுள்ள மிராண்டாவின் தென்பாதியிலேயே வெரோனா ரூபெஸ் என்னும் பாறைச்சுவர் இருக்கிறது, உயரம் 20 கி.மீ. வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஈர்ப்பு நம்முடையதில் சுமார் 125-இல் ஒரு பங்கு. செங்குத்தாக விழுவதாகக் கொண்டால், விளிம்பிலிருந்து நழுவிய கல் அடியைத் தொட ஏறக்குறைய 12 நிமிடமாகும். மறுபாதியில் என்ன இருக்கிறதோ!

2022-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பத்தாண்டு அறிக்கை, பெரிய விண்பயணங்களில் யுரேனஸ் சுற்றுக்கலத்துக்கு முதலிடம் தந்தது. அடுத்த சம இரவு, அதாவது சூரியன் மறுபடி நடுக்கோட்டுக்கு நேராக வரும் சமயம், 2050-ஐ ஒட்டி வருகிறது. கலம் அதற்குள் போய்ச் சேர்ந்தால் அந்த வடபாதிகள் வெயிலில் இருக்கும். பிந்தினால் அவை மறுபடி இருளுக்குள் போகத் தொடங்கிவிடும்.